வலிக்காத காலுக்கு ஒரு சாக்ஸ்

கெங்கவல்லியிலிருந்து தம்மம்பட்டிக்குப் பஸ்ஸில் போனால் ஒரு பக்கம் பச்சைமலை, எதிர்ப்பக்கம் தூரத்தில் கொல்லிமலை. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் நிறைய. ஆனால் கொல்லிமலையில் பிறந்த ஒரு பையன்தான் பின்னாளில், புண் வருவதற்கு முன்பே எச்சரிக்கும் காலுறையையும் கையுறையையும் செய்து பார்த்தான் என்பது அந்த பஸ்ஸில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று இது பெரிய ஆராய்ச்சித் துறை. இதயத் துடிப்பை எண்ணும் பனியன், பாதத்தின் சூட்டை அளக்கும் சாக்ஸ், புண் ஆறுகிறதா அழுகுகிறதா என்று செல்போனுக்குச் சொல்லும் கட்டு என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. படித்தால் எல்லாம் கலிபோர்னியாவில் நேற்று முளைத்தவை போலத் தோன்றும். ஆனால் இதன் வேர்களில் ஒன்று வேலூரில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தோண்டினால் கொல்லிமலைக்கே வந்துவிடும்.

அந்தப் பையனின் பெயர் பால் பிராண்ட். 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். இன்று கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. அன்று நடை, இல்லையென்றால் டோலி. ஜெஸ்ஸி முழு மருத்துவர் அல்ல, ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். ஆனால் மலையில் வேறு யார் இருந்தார்கள்? பல் பிடுங்குவதும், காலிலிருந்து நரம்புச் சிலந்திப் புழுவை உருவி எடுப்பதும், வீடு கட்டுவதும் அவர்தான்.

சிறுவயதில் பார்த்த ஒரு காட்சியைப் பால் பிராண்ட் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு நாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். கை கால்களில் அழுக்குத் துணிக் கட்டு, விரல்கள் மழுங்கிப் போயிருந்தன. யாருக்கும் கையுறை போடாத அப்பா அன்று கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்களைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினார். அவர்கள் போன பிறகு, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. தொழுநோய் என்றால் அன்று எல்லோருக்கும், மலையில் தொண்டு செய்ய வந்தவர்களுக்கும்கூட, அவ்வளவு பயம்.

1923ல், ஒன்பது வயதில், பாலைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929ல் ஜெஸ்ஸி மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் கொல்லிமலையிலேயே இறந்துபோனார். பையன் பள்ளி முடித்ததும் மருத்துவத்துக்குப் போகவில்லை, கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டான். (மரச் சிற்பத்துக்குப் பெயர் போன தம்மம்பட்டிக்காரர்களுக்கு இது பிடிக்கும்!) பிறகுதான் லண்டனில் மருத்துவம். உலகப் போரின் குண்டு வீச்சுக்கு நடுவில் அறுவை சிகிச்சை பழகினார். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தார்.

அவரை அழைத்தவர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையை அவர் சுற்றிக் காட்டியபோது, மடங்கிப்போன விரல்களையும் சூம்பிய கைகளையும் பார்த்த பிராண்ட் கேள்விமேல் கேள்வி கேட்டார். காக்ரேனின் பதிலின் சாரம் இதுதான்: நான் தோல் டாக்டர், நீதான் எலும்பு டாக்டர், நீயே கண்டுபிடி. உலகத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு இருந்த ஊனம். ஆனால் எலும்பு மருத்துவர்கள் யாரும் அதை உட்கார்ந்து பார்த்திருக்கவில்லை.

அதுவரை எல்லோரும் நம்பியது என்ன? தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக உதிரும். டாக்டர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு துருப்பிடித்த பூட்டு.

வேலூரில் ஒரு நாள் பிராண்ட் ஒரு அறையைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். சாவி அசையவில்லை. நோஞ்சானாக இருந்த ஒரு சிறுவன், தொழுநோயாளி, "நான் பார்க்கட்டுமா" என்று வந்தான். சாவியைப் பிடித்து ஒரே திருப்பு. பூட்டு திறந்துவிட்டது. வளர்ந்த ஆளால் முடியாதது இவனால் எப்படி முடிந்தது? கீழே பார்த்தால் தரையில் ரத்தம். கையைப் பிரித்துப் பார்த்தால் சாவி விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருந்தது. பையனுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நமக்கெல்லாம் சாவியைத் திருப்பும்போது ஒரு அளவில் வலி வந்து "போதும், விடு" என்று சொல்லிவிடும். அதனால்தான் நம் விரல் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பையனின் தசைக்கு வலு குறையவில்லை. நிறுத்து என்று சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு பிராண்ட் துப்பறிவாளர் போல ஆகிவிட்டார். 1951ல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், கை அறுவை சிகிச்சை முடிந்த இளைஞர்கள் தங்கி மரவேலை கற்றார்கள். அங்கே எந்தப் புண் வந்தாலும் அது எப்படி வந்தது என்று தேடினார்கள். சுடுகின்ற பாத்திரம், விளக்கின் கண்ணாடி, சுத்தியலின் பிளந்த பிடி என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை. இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல், காலையில் பார்த்தால் ஒரு துண்டு குறைகிறது! கடைசியில் ஒருவர் இரவில் விழித்திருந்து பார்த்தார். எலி. கட்டிலில் ஏறி, சாவகாசமாக விரலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. தூங்குகிறவர் அசையக்கூட இல்லை.

தீர்வு? பூனை. நிலையத்தில் பூனை வளர்த்தார்கள். வீடு திரும்பும் நோயாளிகளுக்கும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். காமர்ஸ் கண்ணால் பார்த்தால் இதைவிட மலிவான மருத்துவக் கருவி உலகத்தில் இருக்க முடியாது. பேட்டரி வேண்டாம், சுவிட்ச் போட வேண்டாம், யாரும் சொல்லாமலே வேலை செய்யும். இந்தப் பூனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கையைவிடக் கால் பெரிய பிரச்சினை. கையைக் கண்ணால் பார்க்கலாம். உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள்? சாதாரண மனிதன் நாலு மைல் நடந்தால், அவனுக்கே தெரியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பான். கொஞ்ச நேரம் குதிகால், கொஞ்ச நேரம் ஓரம். ஒரே இடத்தில் அழுத்தம் சேர்ந்தால் லேசாக வலிக்கும், உடனே கால் வேறு பக்கம் சாயும். உணர்ச்சியில்லாத கால் முதல் அடியை வைத்தது போலவே பத்தாயிரமாவது அடியையும் வைக்கும். அதே இடம், அதே அழுத்தம். உள்ளே சதை நசுங்கி, சூடாகி, பிறகுதான் மேலே புண் உடையும். மேலே தெரியும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும்.

1955ல் வேலூருக்கு அருகே காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே நோயாளிகளின் பாதங்களைத் தொட்டுத் தொட்டே பிராண்டின் கை ஒன்றைக் கற்றுக்கொண்டது: புண் வரப்போகும் இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கும். வந்துவிட்ட புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். மருந்தால் ஆறாத புண் மாவுக்கட்டுக்குள் ஆறியது, ஏனென்றால் எடை பாதம் முழுக்கப் பரவிவிடுகிறது, ஒரே இடத்தை மிதிக்க முடியாது. வராமல் தடுக்க எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்ணறைகள் கொண்ட மெத்து ரப்பர் செருப்பு. இன்றும் சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் அதே செருப்புதான்.

அவருக்கே ஒரு முறை அந்தப் பயம் வந்தது. நீண்ட பயணம் முடிந்து லண்டனில் ஒரு இரவு சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் தொற்றிவிட்டது என்றே முடிவு கட்டி இரவு முழுக்க விழித்திருந்தார். காலையில் மறுபடி குத்தினார். வலித்தது! நெடுநேரம் ஒரே மாதிரி உட்கார்ந்து வந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. வலிக்காகச் சந்தோஷப்பட்ட மனிதர்கள் மிகச் சிலர்தான் இருப்பார்கள்.

1966ல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். லூசியானாவில் கார்வில் என்ற ஊரில் இருந்த அரசு தொழுநோய் மருத்துவமனையில் 1986 வரை வேலை செய்தார். வேலூரில் இல்லாதது அங்கே இருந்தது: பணம், இயந்திரம், பொறியாளர்கள். கையால் தொட்டுப் பார்த்த சூட்டை இப்போது அகச்சிவப்புக் கருவியில் வண்ணப் படமாகப் பார்க்க முடிந்தது. எலிகளின் பாதத்தை இயந்திரத்தால் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். ஒரு முறை அழுத்தினால் ஒன்றும் ஆகாத அதே அழுத்தம், நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை தொடர்ந்தால் புண்ணாக்கியது. (வேலூர் எலிகள் தின்ற விரல்களுக்கு இது பழிவாங்கலா என்று கேட்காதீர்கள்!)

அப்போதுதான் சாக்ஸ் வந்தது. 1969ல் பிராண்டும் எப்னர் என்பவரும் எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைக்கான அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உணர்விழந்த கைகளுக்கும் கால்களுக்கும் அழுத்தத்தை அறியும் சாதனங்கள் என்பது பொருள். அதில் ஒன்று சாயம் அடைத்த கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் கொண்ட காலுறை. அதைப் போட்டுக்கொண்டு, மேலே ஷூ போட்டு நடக்க வேண்டும். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே குமிழ்கள் உடையும், சாயம் துணியில் ஊறும். கழற்றிப் பார்த்தால் கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாளைய புண். கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. துணியே சொல்லிவிடும். உணர்வில்லாத காலின் வலியை முதன்முதலாகக் கண்ணால் பார்க்க வைத்தார்கள் என்று சொன்னால் தவறாகாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாயம் கறைபட்ட பிறகுதான் சொல்லும். வலியோ அந்த நொடியிலேயே சொல்லும். அந்த வலியையே செய்தால் என்ன என்று பிராண்டின் குழு இறங்கியது. கையுறையிலும் காலுறையிலும் சிறு அழுத்த சென்சார்கள், அங்கிருந்து கம்பி, எச்சரிக்கை ஒலிக்க காதில் காது கேட்கும் கருவி. அழுத்தம் எல்லை தாண்டினால் கருவி இரையும்.

முதலில் சென்சார்களே தொல்லை கொடுத்தன. விலை அதிகம், அடிக்கடி கெட்டன, வியர்வையில் துருப்பிடித்தன. அதெல்லாம் பொறியாளர்கள் தலைவலி, தீர்க்கலாம். தீர்க்க முடியாதது வேறு. நோயாளி ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருப்புகிறார். காதில் கருவி இரைகிறது. அவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, இன்னும் ஒரு திருப்பு திருப்பிவிடுகிறார்! ஒலிக்குப் பதிலாக விளக்கு வைத்தார்கள். மின்னும், பார்ப்பார், வேலையைத் தொடர்வார்.

இவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆய்வுக்கு ஒத்துழைக்கத் தாங்களாகவே வந்தவர்கள். விரல் போனால் என்ன ஆகும் என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். இருந்தும் ஒலி என்பது வெறும் தகவல். வலி தகவல் அல்ல, கட்டளை.

சரி, வலியையே கொடுத்துவிடுவோம் என்று மின் அதிர்ச்சிக்குப் போனார்கள். எங்கே கொடுப்பது? தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும்: விரல், பாதம், மூக்கு, காது மடல். சூடான இடமான அக்குளில் உணர்ச்சி மிஞ்சியிருக்கும். அங்கே மின்முனையை வைத்தார்கள். விரல் அதிகம் அழுத்தினால் அக்குளில் சுளீர் என்று ஒரு அடி. நன்றாக வேலை செய்தது... கொஞ்ச நாள். பிறகு என்ன நடந்தது தெரியுமா? கொஞ்சம் கடினமான வேலை வந்தால் நோயாளி முதலில் சுவிட்சை அணைத்தார். வேலையை முடித்தார். பிறகு மறுபடி சுவிட்சைப் போட்டார்! அந்த அதிர்ச்சியை அவர்கள் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளவில்லை, விதியை மீறியதற்குத் தண்டனையாகத்தான் பார்த்தார்கள்.

ஐந்தாண்டு உழைப்புக்குப் பின் திட்டத்தைக் கைவிட்டார்கள். எச்சரிக்கை நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அவர் அணைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதுதான் பிராண்ட் அடைந்த முடிவு. வேலூர்ப் பூனையை அணைக்க முடியாது. கார்வில் கையுறையை அணைக்க முடிந்தது. இத்தனைக்கும் பூனையைக் கொடுத்ததும் கையுறையைச் செய்ததும் ஒரே மனிதர்.

கணக்கில் இதைத் தோல்வி என்று எழுதி மூடிவிடலாமா? முடியாது. கார்விலுக்கு வேறு ஒரு கூட்டம் வரத் தொடங்கியது. அவர்களுக்குத் தொழுநோய் இல்லை, சர்க்கரை நோய். ஆனால் அவர்கள் கால்களைப் பார்த்தால் காரிகிரியில் பார்த்த அதே புண், அதே இடம். பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்பைக் கொன்றுவிடுகிறது. பிறகு செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்றது முழுவதும் அங்கே செலவானது. மாவுக்கட்டு அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குப் போனது. இன்று எந்தச் சர்க்கரை மருத்துவமனைக்குப் போனாலும் உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்து "தெரிகிறதா" என்று கேட்கிறார்களே, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை, அந்த அளவை உறுதி செய்த 1986ஆம் ஆண்டு ஆய்வும் கார்விலில் நடந்ததுதான்.

சென்சார் உடைகளும் திரும்பி வந்தன, வேறு வாசல் வழியாக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பேராசிரியர். 1996ல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு தேவை இருந்தது: போர்க்களத்தில் வீரன் உடம்பில் குண்டு எங்கே பாய்ந்தது என்று உடையே சொல்ல வேண்டும். ஜெயராமன், சுங்மி பார்க், ராஜமாணிக்கம் ஆகியோர் தையலே குறுக்கிடாதபடி ஒளியிழையை உடை முழுக்கச் சுற்றி வரும்படி நெய்தார்கள். குண்டு துளைத்தால் இழை அறும், ஒளி மறுமுனைக்குப் போகாது. எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் கண்டுபிடிக்கலாம். அந்தத் துணியிலேயே இதயத் துடிப்பு, மூச்சு, வெப்பம் அளக்கும் சென்சார்களையும் செருகலாம். நெசவு உடை என்ற வகையில் இது பெரிய பாய்ச்சல். ஆனால் குண்டடி பட்ட வீரன் சுவிட்சை அணைக்கப் போவதில்லை. பிராண்ட் முட்டிக்கொண்ட சுவரை இவர்கள் தொட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சுவரைத் தொட்டவர்கள் பாதத்தின் சூட்டைப் பிடித்தவர்கள். காரிகிரியில் கை கற்றுக்கொண்ட பாடத்தை லேவரி, ஆர்ம்ஸ்ட்ராங் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் எண்ணாக்கினார்கள். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை அளந்தால் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் தெரிகிறதா? நடையைக் குறை, நர்ஸுக்குச் சொல். 2007ல் வெளிவந்த லேவரி குழுவின் ஆய்வில் 173 பேர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 29.3 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. தினமும் வீட்டில் வெப்பம் அளந்த குழுவில் 8.5 சதவீதம்தான். இதைவிட நல்ல செய்தி உண்டா?

ஆனால் அந்த 8.5 சதவீதம் என்பது 5 பேர். அந்த ஐவரில் 4 பேர் பாதி நாள்கூட அளக்காதவர்கள்! கருவி அவர்கள் வீட்டில்தான் இருந்தது.

தினமும் குனிந்து அளக்க வேண்டாம் என்றுதான் பிறகு சாக்ஸிலேயே சென்சாரை நெய்தார்கள். அமெரிக்காவின் சைரன் நிறுவனத்தின் சாக்ஸில் ஒரு பாதத்துக்கு ஆறு வெப்ப சென்சார்கள், துணியோடு துணியாக. சோப்புப் போட்டுத் துவைக்கலாம். 2018ல் அதைப் பற்றிய முதல் ஆய்வு வெளிவந்தது. புண் வந்த பிறகு கவனிக்கும் கட்டுகளும் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் சமீர் சொங்குசாலே குழு 2018ல் காட்டிய கட்டு, புண்ணின் அமில காரத் தன்மையையும் வெப்பத்தையும் அளந்து, கெட்டால் தானே மருந்தை விடும். ஆறும் புண் லேசான அமிலமாக இருக்கும், சீழ் பிடித்தால் காரப் பக்கம் ஏறும் என்பது அதன் கணக்கு. சிங்கப்பூரில் 2023ல் செய்த காகிதப் பட்டையில் மின்சாரமே கிடையாது. பூவிதழ் போல ஐந்து பகுதிகள், புண்ணின் நீர் பட்டால் நிறம் மாறும், செல்போனில் படம் எடுத்தால் ஆறுகிறதா இல்லையா என்று கணினி சொல்லும். 1969ன் சாயச் சாக்ஸுக்கு இது தூரத்துப் பேத்தி முறை.

இவையெல்லாம் இங்கே தேவையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண்கள் போதும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023ல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தொழுநோயை ஒழித்துவிட்டோம் என்று 2005 முடிவில் கணக்குக் காட்டப்பட்டது. ஆனால் 2022-23ல் மட்டும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். இரண்டு கூட்டத்திலும் உள்ளங்கால் மரத்தவர்கள் இருக்கிறார்கள். ஆட்டையாம்பட்டியிலோ ஆத்தூரிலோ வெறுங்காலோடு வயலில் இறங்கும் ஒருவருக்கு சாக்ஸ் எப்படிப் பொருந்தும் என்பதை எந்த நிறுவனமும் இன்னும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பால் பிராண்ட் 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவில் இறந்தார். அவர் அம்மா ஈவ்லின் கணவர் இறந்த பிறகும் மலையை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை என்று குதிரையில் சுற்றி, 1974ல் 95 வயதில் இறந்தார்.

சைரன் சாக்ஸில் ஒரு ஏற்பாடு உண்டு. பாதம் சூடானால் எச்சரிக்கை போட்டிருப்பவரோடு நின்றுவிடுவதில்லை. தரவு நேராக ஒரு நர்ஸின் திரைக்குப் போகிறது, அவர் போன் செய்து "இன்று எவ்வளவு நடந்தீர்கள், காலைத் திருப்பிப் பாருங்கள்" என்று கேட்கிறார்.